555 புத்தகம்

மலேசியத் தோட்டப்புறங்களிலும் சிற்றூர்களிலும் மளிகைக்கடைப் பற்றை எழுதி வைக்கப் பயன்பட்ட சிறு குறிப்பேடு. அட்டையில் 555 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும்; சட்டைப்பையில் அடங்கும். நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன், பகாவ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் சம்பளம் மாதக் கணக்கில் வந்ததால், அரிசியும் நெத்திலியும் கடனில் வாங்கிச் சம்பள நாளில் அடைப்பதே வழக்கமாக இருந்தது.

கணக்கியல் பயிலும் மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் இல்லை. பால்மரம் வெட்டும் ஒருவர் 40 வெள்ளிக்குப் பொருள் வாங்குவதாகக் கொள்வோம். கடைக்காரருக்கு அது வரவேண்டிய கடன், ஆகவே சொத்து. வாங்கியவருக்கு அதே தொகை பொறுப்பு. பொருள் கைமாறிய அன்றே விற்பனை நடந்துவிட்டது, பணம் பிறகுதான் வரும். இலாபம் வேறு, கைரொக்கம் வேறு என்பது இங்கே தெளிவாகிறது. சம்பள நாளில் 30 வெள்ளி கட்டினால் மீதி 10 அடுத்த மாதத்தின் தொடக்க இருப்பாகும்.

இந்தப் புத்தகக் கணக்கு இரட்டைப் பதிவு முறை அன்று, ஒற்றைப் பதிவே; பிழை நேர்ந்தால் அது தானாகக் காட்டிக்கொடுக்காது. எனவே வாடிக்கையாளரும் தம்மிடம் ஒரு பிரதி வைத்து, ஒவ்வொரு வரியையும் கடை ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிக அவசியம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்காகப் பிள்ளைகள் செய்யக்கூடிய தணிக்கை அது.