கேஸ்ட்ரிக் என்னும் நோய்

மைசூரில் தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் சற்று நேரம் நின்றால் போதும், ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும். ‘கேஸ்ட்ரிக் ஆகிதெ, மாத்ரெ கொடி’ (கேஸ்ட்ரிக் ஆகியிருக்கிறது, மாத்திரை கொடுங்கள்) என்பார் கன்னடக்காரர். உருது பேசுபவரும் அதே சொல்லைத்தான் சொல்வார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் ‘அவருக்கு ரொம்ப நாளா கேஸ்ட்ரிக்’ என்று பேச்சு வரும். தமிழ்நாட்டுப் பக்கம் போனால் ‘கேஸ் ட்ரபிள்’. நெஞ்சு எரிந்தாலும், வயிறு உப்பினாலும், முதுகு பிடித்தாலும், தலை சுற்றினாலும் இந்த ஒரே பெயர்தான். ஆனால் எந்த மருத்துவப் பாடநூலைப் புரட்டினாலும் கேஸ்ட்ரிக் என்ற பெயரில் ஒரு நோய் கிடையாது.

ஆங்கிலத்தில் அது வெறும் அடைமொழி. கிரேக்கத்தில் ‘காஸ்டேர்’ என்றால் வயிறு. அதிலிருந்து வந்த கேஸ்ட்ரிக் என்பதற்கு ‘இரைப்பையைச் சார்ந்த’ என்று பொருள். இரைப்பையில் ஊறும் நீருக்கு கேஸ்ட்ரிக் ஜூஸ், இரைப்பையில் வரும் புண்ணுக்கு கேஸ்ட்ரிக் அல்சர். அடைமொழிக்குப் பின்னால் ஒரு பெயர் வந்தால்தான் பொருள் முடியும். நம் ஊர்ப் பேச்சில் அந்தப் பெயர் உதிர்ந்துவிட்டது. ‘எனக்கு இரைப்பையைச் சார்ந்த...’ என்று தொடங்கி, என்ன என்று சொல்லாமலே நிறுத்திக்கொள்கிறோம்.

கேஸ் என்ற சொல்லின் பிறப்பு வேறு இடத்தில். பிரஸ்ஸல்ஸில் பிறந்த வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் 17ஆம் நூற்றாண்டில் அதைப் படைத்தார். உருவமற்ற ஆதிக் குழப்பத்தைக் குறிக்கும் ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை மனத்தில் வைத்து, எரியும் கரியிலிருந்தும் நொதிக்கும் சாற்றிலிருந்தும் எழும் கண்ணுக்குத் தெரியாத ஆவிக்கு அவர் வைத்த பெயர் அது. அவர் இறந்த பிறகு, 1648இல் வெளிவந்த நூலில் அது அச்சேறியது. உணவு செரிப்பதில் இரைப்பையின் புளிப்புக்குப் பங்கு உண்டு என்று கருதியவரும் அவரே. அந்தப் புளிப்பு ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று வில்லியம் பிரவுட் 1824இல் காட்டினார்.

ஆக, கேஸ் குழப்பத்திலிருந்து வந்தது, கேஸ்ட்ரிக் வயிற்றிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவில்லை. நம் காதுக்கு மட்டும் இரண்டும் அண்ணன் தம்பியாகக் கேட்கின்றன. அதனால் ‘கேஸ்ட்ரிக்’ என்றாலே ‘கேஸ் சேர்ந்துவிட்டது’ என்று பொருளாகிவிட்டது. அமிலத்தால் வரும் எரிச்சலையும் காற்றால் வரும் உப்புசத்தையும் ஒன்றாக்கிய கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கோளாறுக்கு நம் பக்கத்தில் தரை ஏற்கெனவே பதமாக இருந்தது. வாத, பித்த, கப மூன்றில் வாதத்தை வாயு என்றும் சொன்னார்கள். உடம்பில் அசைவையெல்லாம் நடத்தும் ஆற்றல் என்பதே வைத்திய நூல்களில் அதன் பொருள். குடலில் சேரும் காற்று அதில் சிறு பகுதி. பேச்சு வழக்கில் வாயு ‘வாய்வு’ ஆயிற்று. தோளில் பிடித்தால் வாய்வுப் பிடிப்பு, உருளைக்கிழங்கு வாய்வுப் பண்டம். பள்ளி வேதியியலிலும் ஆங்கில கேஸுக்கு வாயு என்றே பெயர் வைத்து உயிர்வாயு, கரியமிலவாயு என்று படித்தோம். பழைய வைத்தியத்தின் வாயுவும் வேதியியலின் வாயுவும் ஒரே சொல்லில் கலந்தன. தோளிலும் விலாவிலும் திரிந்த வாய்வின் இடத்தை கேஸ் சுலபமாகப் பிடித்துக்கொண்டது. ‘கேஸ் நெஞ்சுல ஏறிடுச்சு’ என்ற வாக்கியம் அப்படிப் பிறந்தது. வயிற்றிலும் குடலிலும் சேரும் காற்று ஏப்பமாகவோ கீழ்க்காற்றாகவோ வெளியேறும். கொஞ்சம் இரத்தத்தில் கரைந்து மூச்சில் போகும். குடலை விட்டுத் தோளுக்கும் முதுகுக்கும் நடந்து போக அதற்கு வழியில்லை.

இந்த ஒற்றைச் சொல் வருவதற்கு முன் நாம் வயிற்றைப் பற்றி எப்படிப் பேசினோம் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது அங்கேதான். ஏப்பத்தில் மட்டும் பசியேப்பம் வேறு, புளியேப்பம் வேறு. உண்டது தொண்டை வரை புளித்து மேலேறி வந்தால் எதுக்களிப்பு. எதிர்க்களித்தல் என்பது அதன் பழைய வடிவம். நெஞ்சுக்குழியில் தீப்பட்டது போலிருந்தால் நெஞ்செரிச்சல், காந்தலும் உவர்ப்புமாக இருந்தால் நெஞ்சுக்கரிப்பு. வயிறு பறைபோல விம்மினால் உப்புசம், உள்ளே உருண்டு சத்தமிட்டால் இரைச்சல், பசியே எடுக்காமல் கனத்தால் மந்தம். வாந்தி வருவதற்கு முன் குமட்டல், ஒன்றும் வராமல் உடம்பை உலுக்கினால் ஓங்கரிப்பு. மலம் கழித்த பின்னும் முக்கச் சொல்லும் வேதனை கடுப்பு. விட்டு விட்டு வருவது முறுக்கு வலி.

கன்னடத்தில் இதே செல்வம் உண்டு. எதெ உரி என்றால் நெஞ்செரிச்சல். ஹொட்டெ உப்பர என்பதில் வரும் உப்பர நம் உப்புசத்தின் உறவு. ஹுளி தேகு என்பது புளியேப்பமேதான்: பகரம் ஹகரமானதால் புளி ஹுளி ஆயிற்று, ஏப்பத்தைக் குறிக்கும் தேக்கு என்ற பழந்தமிழ்ச் சொல்லே அங்கே தேகு. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் செரித்தலை ‘அறுதல்’ என்ற வினையால் சொல்கிறார். முன் உண்டது முழுக்கத் தீர்ந்துபோவது. சீரணம், அசீரணம் எல்லாம் வடமொழியிலிருந்து பிறகு வந்து சேர்ந்தவை.

இவை அழகுக்காகச் சொன்ன சொற்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு திசையைக் காட்டுகிறது. எதுக்களிப்பு என்றால் உணவுக்குழாயின் கீழ்வாசல் தளர்ந்து அமிலம் மேலே வருகிறது. இரவு உண்டவுடன் படுப்பவர்களுக்கு அது அதிகம். கடுப்பு என்றால் பெருங்குடலின் கடைசிப் பகுதி அழற்சியுற்றிருக்கலாம். சீதபேதியா என்று பார்க்கவேண்டும். முறுக்கு வலி என்றால் குடலோ, பித்தக் குழாயோ, சிறுநீர்க் குழாயோ ஏதோ ஒரு தடையைத் தள்ளப் போராடுகிறது. பசித்தால் வலித்து, ஏதாவது தின்றால் தணிந்து, நள்ளிரவில் எழுப்பிவிடும் வலி முன்சிறுகுடல் புண்ணின் பழைய அடையாளம். ‘கேஸ்ட்ரிக்’ என்ற சொல்லில் இவற்றில் எதுவுமே இல்லை. எங்கே, எப்போது, எப்படி என்ற மூன்று கேள்விக்கும் அது பதில் சொல்வதில்லை.

பழைய நூல்களிலும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் இருந்தது. சித்த மருத்துவம் குன்மம் என்ற வயிற்று நோயை எட்டு வகையாகப் பிரித்தது. மாதவ நிதானம் என்ற ஆயுர்வேத நூல் புளிப்பு மேலெழும் நோயை அம்லபித்தம் என்று தனி நோயாகவே விவரித்தது. சூலை என்ற சொல் சூலத்தின் உறவு; சூலத்தால் குத்துவது போன்ற வலிக்கு அந்தப் பெயர். திருநாவுக்கரசரைத் திருவதிகைக்கு வரவைத்தது அந்தச் சூலை என்று பெரிய புராணம் சொல்கிறது.

மைசூருக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. மண்டி மொகல்லாவில் 1906இல் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் தொடங்கிய ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை ஊரார் இன்றும் மிஷன் ஆஸ்பத்திரி என்பார்கள். 1950களிலும் 60களிலும் அங்கே அறுவை மருத்துவராக இருந்தவர் ஃபிராங்க் டோவி. அமிலத்தை அடக்கும் இன்றைய மாத்திரைகள் இல்லாத காலம் அது. முற்றிய புண்ணுக்குக் கத்திதான் வழி. புண் ஆறி ஆறி இரைப்பையின் கீழ்வாசல் சுருங்கி, நேற்று உண்டதை இன்று வாந்தியெடுக்கும் நிலையில் ஆட்கள் வருவார்கள். தெற்கே ஏன் இத்தனை பேருக்கு இந்தப் புண் என்ற கேள்வியை டோவி விடவில்லை. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் தகவல் திரட்டி, 1979இல் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் விரிவாக எழுதினார். அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் முன்சிறுகுடல் புண் அதிகம், கோதுமை உண்ணும் வடக்கில் குறைவு என்பது அதன் சாரம். ஊரெல்லாம் மிளகாயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் அன்றாடத் தானியத்தைப் பார்த்தார். சில சிறுதானியங்களும் பயறுகளும் புண்ணிலிருந்து காக்கின்றன என்றும் கருதினார். பிற்பாடு அவரும் உடன் உழைத்தவர்களும் எலிகளில் சோதித்தபோது, கொள்ளிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்புச் சத்து புண் வராமல் தடுத்தது. மைசூர்க் கிராமங்களில் ஹுருளி சாறு என்று வைப்பது அந்தக் கொள்ளைத்தான்.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பைப் புண்ணுக்குப் பின்னால் ஹெலிகோபேக்டர் என்ற நுண்ணுயிர் இருப்பதைக் கண்டார்கள். பலரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்த நுண்ணுயிர்க் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு நிரூபித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமி இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலும் இருக்கப் புண் மட்டும் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று டோவி பின்னரும் கேட்டுக்கொண்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் நோயாளிக்குப் பெரிய மாற்றம் ஒன்று நடந்துவிட்டது: ஒரு காலத்தில் வயிற்றைக் கிழித்துச் செய்த வைத்தியத்தை, சோதித்துக் கிருமி இருப்பது தெரிந்தால், சுமார் இரண்டு வார மாத்திரைகளால் செய்துவிடலாம். இன்று பலர் அந்தச் சோதனைக்கே போவதில்லை. ‘கேஸ்ட்ரிக் மாத்திரை’ என்று கேட்டுக் கடையில் வாங்கி, வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார்கள். அமிலம் அடங்குகிறது, வலி மறைகிறது. புண்ணோ புற்றோ உள்ளே இருந்தால் அதுவும் மறைந்துகொள்கிறது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை விழுங்குபவர்களிடம் இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் புண்ணை உண்டாக்குவதே அந்த மாத்திரையாக இருக்கலாம்.

இந்தச் சொல் உயிரையே வாங்குவது நெஞ்சில்தான். உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்புறமாக இறங்குகிறது. இரண்டின் வலி நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டங்களில் போய்ச் சேர்கின்றன. அதனால் எது வலிக்கிறது என்று மூளைக்கே பிரித்தறியத் தெரியாது. இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் அடைப்பு ஏற்பட்டால் வலி மேல்வயிற்றில் தெரியும், குமட்டும், வாந்தி வரும், ஏப்பம்கூட வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மந்தமும் வியர்வையும் களைப்புமாக வருவதுண்டு. வீட்டில் சோடா கொடுப்பார்கள், ஓமத்திரவம் கொடுப்பார்கள், நெஞ்சைத் தடவிவிடுவார்கள். ஏப்பம் விட்டதும் சற்று லேசானது என்பதால் இதயம் சரியாக இருக்கிறது என்று ஆகாது. அடைப்பு இருந்தால், இப்படிக் கழியும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

2025 ஜூலையில் ஹாசன் மாவட்டத்தின் மாரடைப்பு மரணங்கள் தொடர்ந்து செய்தியானபோது, மைசூர் ஜெயதேவா இதய மருத்துவமனையில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்று. அதுவரை எத்தனையோ பேர் ‘கேஸ்ட்ரிக்’ என்று சொல்லித் தங்களைத் தேற்றிக்கொண்ட வலி, ஒரே வாரத்தில் பயமாக மாறியது. அலட்சியத்திலிருந்து பீதிக்கு ஒரே தாவல். நடுவில் இருக்கவேண்டிய நிதானத்துக்கு ஒரு எளிய கருவி உண்டு: ஈசிஜி. கர்நாடகத்தில் 2023இல் அறிவிக்கப்பட்ட ‘புனீத் ராஜ்குமார் ஹ்ருதய ஜோதி’ திட்டத்தின் நோக்கமே தாலுகா மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுத்து, தேவையானால் அடைப்பைக் கரைக்கும் ஊசியை இலவசமாகப் போடுவதுதான். 46 வயதில் இறந்த நடிகரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது.

பயப்படத் தேவையில்லாதவையே அதிகம் என்பதையும் சொல்லவேண்டும். விருந்துக்குப் பின் உப்புசம், எப்போதாவது நெஞ்செரிச்சல் ஆகியவை இரவு உணவை முன்னதாக முடித்தால், அளவு குறைத்தால், புகையிலையை விட்டால் பெரும்பாலும் அடங்கும். வேறு சில வலிகள் அப்படியில்லை. எண்ணெய்ப் பண்டம் உண்டபின் வலது விலாவடியில் பிடித்துத் தோள்பட்டைக்கு ஏறும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வயிறு விம்மி, காற்றும் மலமும் பிரியாமல் வாந்தியும் எடுத்தால் குடல் அடைத்திருக்கலாம். தார்போலக் கறுத்த மலமும் இரத்த வாந்தியும் உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதைச் சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமின்றி எடை குறைவது, இரத்தசோகை, நடுவயதைத் தாண்டிய பிறகு புதிதாக வந்து விடாமலிருக்கும் வயிற்றுத் தொல்லை ஆகியவற்றை எண்டோஸ்கோப்பி பார்க்காமல் விடக்கூடாது. மலத்தில் இரத்தம் வந்தால் ‘மூலம்’ என்று நாமே முடிவு கட்டுவதும் கேஸ்ட்ரிக் என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். எங்கே வலிக்கிறது என்று விரலால் காட்டுங்கள். எரிகிறதா, குத்துகிறதா, முறுக்குகிறதா, அழுத்துகிறதா என்று உங்கள் வீட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள். உண்டபின் வருகிறதா, பசியில் வருகிறதா, மாடிப்படி ஏறினால் வருகிறதா, எத்தனை நாளாக, என்னென்ன மாத்திரை விழுங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அழுத்தும் வலி கால்மணி நேரம் நீடித்தாலும், தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலும், கூடவே வியர்த்தாலும், மருந்துக் கடைக்குப் போகவேண்டாம், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் போகவேண்டாம். 108ஐ அழைத்து, ஈசிஜி எடுக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.