மிளகும் கையாந்தகரையும்: ஸ்ரீவராகத்துத் தலையெண்ணெயின் வரலாறு

எண்ணெய் என்னும் சொல்லுக்குள்ளேயே ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. எள்ளின் நெய்யே எண்ணெய். பிற்காலத்தில் தேங்காயின் நெய்யும் ஆமணக்கின் நெய்யும் அப்பெயரையே ஏற்றன. தமிழகத்தார் ஆமணக்கின் நெய்யை விளக்கெண்ணெய் என்றனர். மலையாளத்தாரோ வெளிச்சம் தரும் தேங்காயெண்ணெயை வெளிச்செண்ண என்று வழங்கினர். எள் விளையும் நாட்டை விட்டுத் தென்னை செறிந்த நாட்டிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் தலையிலே இவ்விரு மரபுகளும் சந்தித்தன. அச்சந்திப்பைக் காண்பதற்கு மிகப் பொருத்தமான இடம் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம்.

பத்மநாபசுவாமி கோயிலுக்கு அண்மையில், கோட்டைப் பகுதியை அடுத்து அமைந்தது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதன் பெருங்குளமும் ஊருக்குப் பெயரும் பெருமையும் தந்தன. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்டவர்மர், மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கினார். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. திவான் ராஜா கேசவதாசர் வளர்த்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் கடை விரித்தனர். அத்தெருவின் வாழ்வைத் தமிழ்ச் சிறுகதையில் நிலைநிறுத்தியவர் ஆ. மாதவன் (1934–2021). கோயில் தொழில், அரசுப் பணி, வாணிகம் என்னும் மூன்று வழிகளிலும் வந்த தமிழர் கோட்டையைச் சூழ்ந்த தெருக்களில் வேரூன்றினர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோதும் இவர்கள் இங்கேயே தங்கினர்.

இவர்கள் கொணர்ந்த தலையெண்ணெய் எளியது. நல்லெண்ணெயை இருப்புச் சட்டியில் இட்டு, சில மிளகும் சிறிது சீரகமும் ஒரு சிட்டிகை பச்சரிசியும் சேர்த்துப் பொரியவிட்டு, இளஞ்சூட்டில் உச்சியில் வைத்துத் தேய்த்துச் சீயக்காயால் குளிப்பது வழக்கம். தீபாவளிக் காலையில் ஓமமும் வெற்றிலையும் அதனோடு சேரும். அண்டை வீட்டு மலையாளப் பெண்டிரோ காச்சிய எண்ணெய் பயன்படுத்தினர். தேங்காயெண்ணெயில் கையாந்தகரைச் சாறு, செம்பரத்தை, கறிவேப்பிலை, நெல்லிக்காய், துளசி, சின்ன வெங்காயம் ஆகியவற்றை இட்டு, உருளியில் மெல்லிய தீயில் நெடுநேரம் காய்ச்சுவர். கரிசலாங்கண்ணிக்குத் தமிழில் வழங்கும் மற்றொரு பெயரான கையாந்தகரையும் மலையாளத்துக் கைய்யோன்னியும் ஒன்றே. இரு மரபாரும் தெருவில் கலந்து பழகினமையால் எண்ணெய்களும் கலந்தன. தமிழர் வீட்டு எண்ணெயில் கையாந்தகரை புகுந்தது. மலையாளத்தார் காய்ச்சும் எண்ணெயிலும் மிளகும் சீரகமும் இடம்பெறுவதைக் காண்கிறோம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. மிளகு எதன்பொருட்டு எண்ணெயில் இடப்பட்டது? மயிர் வளர்வதற்கு என்றே இன்று பலரும் விடை கூறுவர். பழக்கங்களைக் கூர்ந்து நோக்கினால் வேறு விடை கிட்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் நம் முன்னோர் தயிரை விலக்கினர், பகலுறக்கத்தைத் தவிர்த்தனர், மிளகு ரசம் உண்டனர். இவையாவும் உடல் குளிர்ந்து நீர்க்கோவை வாராமற் காக்கும் முறைகள். எண்ணெயில் இட்ட மிளகும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெறும் திருவனந்தபுரத்தில், குளத்தில் மூழ்கிய ஈரக் கூந்தல் எளிதில் உலராது. ஆதலின் மலையாளத்தார் குளித்தபின் உச்சியில் ராஸ்னாதிப் பொடியைத் தேய்த்தனர். தமிழர் குளிக்குமுன் எண்ணெயில் மிளகைப் பொரித்தனர். நோக்கம் ஒன்றே, வழிதான் வேறு.

இலக்கியச் சான்றும் இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. சேரநாட்டு இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில், வாசநெய் பூசிய கூந்தலை மாதவி நலம்பெற ஆட்டிய செய்தி வருகிறது. பழைய உரை தரும் ஓமாலிகைப் பட்டியலில் இலவங்கமும் ஏலமும் நெல்லியும் நன்னாரியும் உள்ளன, மிளகு இல்லை. மணமும் தூய்மையும் அங்கு நோக்கமாயின. முசிறித் துறையில் யவனர் பொன் தந்து மிளகு பெற்ற நாட்டுக்கு மிளகின் அருமை தெரியாததன்று; அதன் இடம் வேறாக இருந்தது என்பதே பொருந்தும். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே நம் நாட்டை அடைந்து, மிளகின் பெயரையே தன் பெயருக்கு அடியாகக் கொண்டது. ஆகவே மிளகாயை எண்ணெயில் ஊறவைத்துத் தலையில் தடவுவதைத் தொன்மரபு என்று கூறுவதற்கு இடமில்லை.

மயிர் வளர்ச்சியை வெளிப்படையாகக் கருதிய எண்ணெய்கள் வைத்திய நூல்களில் தனியே உள்ளன. கேரள வைத்தியர் கையாளும் சகஸ்ரயோகம் கூறும் நீலிபிருங்காதித் தைலம் அவற்றுள் புகழ்பெற்றது. அவுரி, கையாந்தகரை, நெல்லி முதலியவற்றின் சாறும், பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் பாலும், தேங்காய்ப் பாலும் அதிற் சேரும். காரம் அதன் அடிப்படையன்று. 1889இல் திருவனந்தபுரத்தில் அரசு ஆயுர்வேதப் பாடசாலை தோன்றிய பின்னர், இத்தைலங்களின் முறை பள்ளிப் பாடமாகவும் ஆயிற்று. அரைத்த விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறு பதினாறு பங்கு என்பது பொது அளவு. வெந்த விழுதை விரலிடை உருட்டினால் திரியாகத் திரள வேண்டும், நெருப்பிலிட்டால் சடசடக்கலாகாது. சடசடப்பு, நீர் எஞ்சியிருப்பதன் அடையாளம். நீர் எஞ்சிய எண்ணெய் விரைவிற் கெடும். இச்சோதனை இன்றைய அறிவியலுக்கும் உடன்பாடானதே.

இனி, இவ்வெண்ணெய்கள் உண்மையிலேயே மயிரை வளர்க்குமா? 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று, தேங்காயெண்ணெய் மயிரிழையின் உள்ளே புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் காட்டியது. இது முளைத்த மயிரைக் காத்தலே. புதிய மயிரை முளைப்பித்தல் அன்று. 1998இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 86 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ரோஸ்மேரி, தைம், லாவெண்டர், தேவதாரு வகை மணநெய்களைத் தேய்த்தவருள் 44 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர்; வெறும் எண்ணெய் தேய்த்தவருள் 15 விழுக்காட்டினரே கண்டனர். 2002இல் பாக்தாதில் வெங்காயச் சாறு தடவிய 23 பேருள் 20 பேருக்கு ஆறு வாரங்களில் மயிர் முளைத்தது. ஆயினும் இவ்விரண்டும் புழுவெட்டு என்னும் நோயைப் பற்றியவை. அந்நோயில் மயிர் தானாகவே மீள்வதும் உண்டு. பெரும்பாலோர்க்கு உண்டாகும் மயிர் உதிர்வுக்கு இவற்றைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

மிளகின் காரமும் மிளகாயின் காரமும் தோலில் வெப்பத்தை உணர்த்தும் நரம்பு வாயில்களைத் தட்டி எழுப்புகின்றன. மிளகாய்க் காரத்தை உணரும் அவ்வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. சுள்ளென்ற உணர்ச்சி உண்டானவுடன் மயிர்க்கால் விழித்துக்கொண்டது என்று நாம் மகிழ்கிறோம். சுடுதல் வேறு, முளைத்தல் வேறு. கடுங்கார எண்ணெய் தோலைப் புண்ணாக்கி, உள்ள மயிரையும் உதிர்க்கக்கூடும்.

பிறந்த மண்ணை விட்டு வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மகளின் கூந்தல் கொத்துக் கொத்தாக உதிர்கையில், தாய் முதலில் நாடுவது எண்ணெய்க் கிண்ணத்தையே. உதிர்வுக்குக் காரணம் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். தைராய்டுக் கோளாறாக இருக்கலாம். பேறுகாலத்துக்குச் சில திங்கள் கழித்து இயல்பாக நேர்வதாகவும் இருக்கலாம். எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் ஓராண்டு கழிந்தால், இரத்தச் சோகை அந்த ஓராண்டும் வளர்ந்திருக்கும். வழுக்கையைக் குணமாக்குவதாக மருந்துகள் உரிமை கொண்டாடலாகாது என்று இந்திய மருந்து விதிகளின் 'ஜெ' அட்டவணை விலக்கியுள்ளதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

அதனால் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட வேண்டுவதில்லை. வாரம் ஒருநாள் பிள்ளையின் தலையை மடியிற் சாய்த்து, சூடு ஆறிய எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்க்கும் அரைமணிப் பொழுதில், கையாந்தகரை எது, அவுரி எது, மிளகை ஏன் இட்டோம் என்று சொல்லிக் கொடுக்கலாம். ஸ்ரீவராகத்துத் தமிழர் தம் எண்ணெயை இழக்காமலே அண்டை வீட்டு எண்ணெயையும் கற்றனர். மிளகின் பணி இன்னதென்றும் அறிந்திருந்தனர். செய்முறையோடு அக்காரணத்தையும் நம் மக்களுக்கு உரைத்தல் நம் கடனாகும்.