பம்பைக்காரர் கேட்ட கேள்வி

பாகூரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இரண்டு இடங்களில் தவறாமல் நிற்பார்கள். ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததாகச் சொல்லும் செப்பேடு. இன்னொன்று, 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதிக்கொண்ட சண்டை. எங்கள் வீட்டில் வரலாறு என்றால் அது 1997 ஆடி மாசம். தலை ஆடிக்கு வந்திருந்த சின்ன அத்தையை ஏரிக்கரையில் பேய் பிடித்த மாசம்.

அந்த ஒரு வருஷத்துக்குள்தான் சன் டிவியில் ‘விடாது கருப்பு’வும் ஓடியது. எங்கள் தெருவில் கேபிள் இழுத்திருந்தது இரண்டு வீட்டில்தான். அதில் ஒரு வீட்டின் கூடத்தில், சன்னலில், வாசப்படியில் என்று முப்பது பேராவது உட்கார்ந்து பார்ப்போம். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே சின்னப் பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். எனக்கு அப்போது பத்து வயசு. எங்கள் வாசலில் ஒன்று, டிவியில் ஒன்று என இரண்டு பார்த்தேன். கருப்பு சாமி, பேய் அல்ல என்பது தெரியும். ஆனால் ஒரு மனுஷ உடம்பில் வேறு யாரோ ஏறிக்கொள்வது என்ற அளவில் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியது. பேய் வருவதைப் பற்றி அல்ல. வந்த பிறகு அதனிடம் யார் என்ன கேட்டார்கள் என்பதைப் பற்றி.

*

பம்பைக்காரர்கள் செஞ்சிப் பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ராத்திரி வாசலில் அத்தையை உட்காரவைத்து, பம்பையும் உடுக்கையும் ஏற ஏற, அவள் தலை அவிழ்ந்து சுழல ஆரம்பித்தது. மூத்தவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“யாருடா நீ? எந்த ஊரு?”

பதில் இல்லை. மறுபடி பம்பை. மறுபடி அதே கேள்வி. வேப்பிலை அடியும் விழுந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் வாய் திறந்தது. பக்கத்து ஊரில் பூச்சிமருந்து குடித்துச் செத்த ஒரு பையன் பேரைச் சொன்னது. ஏரிக்கரையில் இவள் தனியாக வந்தபோது பிடித்தேன் என்றது. “இன்னா வேணும் உனக்கு?” என்று கேட்டார். கோழி, சாராயம் என்று எல்லாப் பேயும் கேட்பதைக் கேட்டது. அப்புறம் யாரும் எதிர்பார்க்காததைக் கேட்டது.

“இவ அண்ணனக் கூப்புடு. செயினு எங்கன்னு கேளு.”

அவள் அண்ணன் என் அப்பா. கல்யாணம் முடிந்த மறுமாசமே, போர் போடுவதற்காக அத்தையின் மூன்று பவுன் செயினை வாங்கி அடகு வைத்திருந்தார். மாமியார் வீட்டில் தினமும் அந்தப் பேச்சு. செயின் இல்லாமல் திரும்பி வராதே என்று சொல்லித்தான் ஆடிக்கு அனுப்பியிருந்தார்கள். இதையெல்லாம் பேய்தான் சொன்னது. அத்தை அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனை எதிர்த்து எந்தத் தங்கச்சி வாசலில் நின்று பேசுவாள்?

மூத்த பம்பைக்காரர் அப்பா பக்கம் திரும்பினார். “இதுக்கு நீ இன்னாய்யா சொல்ற?”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா கற்பூரத்தில் அடித்து, தை அறுப்பில் மீட்டுத் தருகிறேன் என்று சொன்னார். அதன் பிறகுதான் அத்தை தலையில் கல்லை ஏற்றினார்கள். அவள் ஓடிப்போய்ப் புளியமரத்தடியில் போட்டாள். ஒரு கொத்து முடியை எடுத்து மரத்தில் ஆணி அடித்தார்கள். பேய் போய்விட்டது. பத்தாம் நாள் அத்தையைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். செயின் தையில் வரவில்லை. அடுத்த வருஷம் சித்திரையில்தான் வந்தது. ஆனால் வந்தது.

*

பல வருஷம் கழித்து இசபெல் நபகோவ் என்ற மானிடவியலாளரின் எழுத்தைப் படித்தபோது எங்கள் வாசலையே பார்த்த மாதிரி இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் தங்கி, பம்பைக்காரர்கள் நடத்தும் பேயோட்டும் சடங்குகளைப் பதிவு செய்தவர் அவர். இது பற்றிய அவரது கட்டுரை அதே 1997இல் வந்தது, புத்தகம் 2000இல். பாகூர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தாலும் சுற்றி இருப்பது தென்னார்க்காடுதான். பம்பைக்காரருக்கு எந்தக் காலத்தில் எல்லைக்கல் இருந்தது?

அவர் பார்த்த சடங்குகளில் பேய் பிடித்தது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்களை. பிடித்த பேய் பெரும்பாலும் காதல் கைகூடாமல் செத்துப்போன இளைஞன். காதலனை விரட்டு, மனைவியை மீட்டுக்கொள் என்கிற பொருளில்தான் அந்தக் கட்டுரையின் தலைப்பே இருக்கிறது. புளியமரத்தில் ஆணி அடிக்கப்படுவது அந்த ஆசை. திரும்பி வருவது மனைவி. இதைப் படித்ததும், ‘ஊர்ச்சடங்கு பெண்ணுக்குக் குரல் கொடுத்தது’ என்று நான் மனசுக்குள் கட்டிவைத்திருந்த கதை பாதி இடிந்தது. என் அத்தைக்குச் செயின் கிடைத்தது. ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பிப்போக விருப்பமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பேயிடம் கேட்டார்கள், அவளிடம் கேட்கவில்லை.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. சங்கப் பாடல்களில் வெறியாட்டு வருகிறது. மகள் காதலில் மெலிகிறாள். முருகன் அணங்கியிருக்கிறான் என்று தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு பார்க்கிறான், ஆடு பலி கொடுக்கிறான், தானே வெறிகொண்டு ஆடுகிறான். உண்மை என்ன என்பது தலைவிக்கும் தோழிக்கும் பாட்டைக் கேட்கும் நமக்கும் தெரியும். வேலனுக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் அவன் அந்தப் பெண்ணிடம் கேட்பதே இல்லை.

சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில் இது தலைகீழாக நடக்கிறது. செங்குட்டுவன் முன்னால் தேவந்திமேல் பாசண்டச் சாத்தன் ஏறிப் பேசுகிறான். அவன் சொன்னபடி நீர் தெளித்ததும் மூன்று சிறுமிகளின் வாயில் மூன்று பெண்கள் வந்து அழுகிறார்கள். கண்ணகியின் தாய், கோவலனின் தாய், கண்ணகியைத் தன் வீட்டில் வைத்திருந்த மாதரி. உயிரோடு இருந்தபோது எந்த அரசவையிலும் நிற்காதவர்கள். ஒரு பேரரசன் அவர்கள் சொல்வதை நின்று கேட்கவேண்டி வருகிறது. நம்மிடம் இரண்டு மரபும் இருந்திருக்கிறது, கேட்காத மரபும் கேட்கும் மரபும்.

ஹாலிவுட்டின் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) இதிலிருந்து விலகி நிற்பதும் இங்கேதான். அங்கே சிறுமிக்குள் வருவது எங்கிருந்தோ வந்த ஆதி சாத்தான். அதற்கு அந்தக் குடும்பத்தோடு தீர்க்கவேண்டிய கணக்கு எதுவும் இல்லை. பாதிரியார் பேசுவது அதைத் துரத்தத்தான். நம் ஊர்ப் பேய் ஏரியில் விழுந்த பக்கத்து வீட்டுப் பெண், தூக்குப் போட்ட மாமன் மகன். அதற்குப் பேர் உண்டு, ஊர் உண்டு, குறை உண்டு.

*

தொலைக்காட்சிக்கு இந்தப் பேய் வந்த கதையை 1990களில் தொடங்கலாம். ராம்சே சகோதரர்களின் ‘ஜீ ஹாரர் ஷோ’ 1993இல் வந்தது. சோனியில் ‘ஆஹட்’ 1995இல். இரண்டும் இந்தி, இரண்டிலும் பயமே சரக்கு. தமிழில் நடந்தது வேறு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த ‘மர்மதேசம்’ தொடர்கள் பயத்தோடு ஒரு கேள்வியையும் வைத்தன. இது தெய்வமா, மனுஷனா? ‘விடாது கருப்பு’வில் தப்பு செய்தவர்களைக் கருப்பு தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. கடைசியில் ஒரே மனசுக்குள் இன்னொரு ஆள் என்ற மனநல விளக்கம் வந்து சேர்கிறது. அதன் பிறகும் கோயில் பக்கம் கொஞ்சம் இருட்டை மிச்சம் வைத்துவிட்டுத்தான் தொடர் முடிகிறது.

எங்கள் தெருவில் அந்த முடிவு பெரிய விவாதம். பெரியப்பா மகன் புதுச்சேரியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார். “சின்ன அத்தைக்கு வந்தது இதுதான். வியாதி. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார். எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. புளியமரத்தைத் தாண்டிப் போகிற பயம் போய்விட்டது.

அப்பாவுக்கும் அது ஒருவகையில் விடுதலைதான் என்பது பிறகு புரிந்தது. வியாதி என்றால் அது பேசியதெல்லாம் உளறல். உளறலுக்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. நல்லவேளை, செயின் அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தது.

இப்படிச் சொல்வதால் மருத்துவத்தை விட்டுவிட்டுப் பம்பைக்காரரிடம் போகலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பேய், சூனியம் என்று நம்பி, தர்காவில் குணமாகும் என்று குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்த 28 பேரின் வாயிலும் ஏதோ பேசியிருக்கும். கேட்பதற்குப் பதில் கட்டிப்போட்டார்கள்.

*

2015இல் இந்தியில் ‘நாகின்’ வெற்றி பெற்ற பிறகு அமானுஷ்யம் தினசரித் தொடர்களுக்குள் நுழைந்தது. 2017இல் சன் டிவியில் சுந்தர் சி.யின் ‘நந்தினி’. அதே வருஷம் ஜீ தமிழில் ‘யாரடி நீ மோகினி’. அதில் இறந்துபோன முதல் மனைவி ஆவியாக வந்து தன் மகளைக் காக்கிறாள். அநியாயமாகச் செத்தவள் குறையோடு சுற்றுவது நம் ஊர்க் கதைதான். ஆனால் இரண்டு விஷயம் மாறிவிட்டது.

முதலாவது, பேய் கண்ணுக்குத் தெரிகிறது. ஊரில் பேயை யாரும் பார்த்ததில்லை. அது வந்திருக்கிறது என்பதற்கு அதன் பேச்சுதான் சாட்சி. அதனால்தான் பம்பைக்காரர் கேட்டுக்கேட்டு வாங்குகிறார். பேர் சரியா, ஊர் சரியா, சொல்வது நடந்ததா என்று கூட்டமும் சரிபார்க்கிறது. டிவியில் புகை வருகிறது, கண் நீலமாகிறது, கிராபிக்ஸே சாட்சி சொல்லிவிடுகிறது. பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

இரண்டாவது, பதில் கிடைத்துவிட்டால் தொடர் முடிந்துவிடும். ‘மர்மதேசம்’ வாரத்துக்கு ஒருநாள் வந்தது. ஒரு முடிவை நோக்கிப் போனது. தினசரித் தொடர் வருஷக்கணக்கில் ஓடவேண்டும். எங்கள் வாசலில் ஒரே ராத்திரியில் அப்பா கற்பூரத்தில் அடிக்கவேண்டி வந்தது, ஏனென்றால் விடிந்தால் பம்பைக்காரர் ஊருக்குப் போகவேண்டும். மெகா சீரியலில் விடிவதே இல்லை. பேய் சொல்வதைச் சொல்ல முடியாமல் தாயத்து வந்து தடுக்கும், மந்திரவாதி வந்து குடுவையில் அடைப்பான், நல்லவர் காதில் விழுவதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சி கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 1994இலிருந்தே இருக்கிறது. இந்தத் தொடர்கள்மேல் வரும் புகாரும் வழக்கமாக அதுதான். என் புகார் வேறு. இவற்றில் பேயை நம்புகிறார்கள், பேய் சொல்வதை வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொன்னால் பொய். சின்ன அத்தைக்கு இப்போது ஐம்பது வயசு நெருங்குகிறது. ராத்திரி சீரியல் எதையும் விடமாட்டாள். ஒருநாள் ஒரு பேய் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவள், “இத்தினி நாளா சுத்துதே, இன்னா வேணும்னு ஒருத்தனாச்சும் கேட்டானா பாரேன்” என்றாள்.

போன பொங்கலுக்குத்தான் நான் அவளிடம் முதன்முதலாக அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். 1997க்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கட்டுரை எழுதப்போகிறேன் என்பதால்தான் கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் நெனவு இல்லடா. நான் எங்க பேசினேன், அதுதான பேசுச்சு” என்றாள்.

“திரும்பிப் போகணும்னு உனக்கு இஷ்டம் இருந்துச்சா அத்தை?”

டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். வெளியே திண்ணையில் அப்பா இருமுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

“அத அன்னிக்கிக் கேட்டிருக்கணும்.”