பசித்த வயிறும் பருத்த உடலும்

என்னிடம் படித்த பெண்கள் பலருக்கு இப்போது பதின்ம வயதில் மகள்கள் இருக்கிறார்கள். "பொண்ணு வெயிட் போட்டுக்கிட்டே போறா டீச்சர், என்ன செய்யறது?" என்று கேட்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால்தான் இதற்குப் பதில் புரியும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிகளின் கவலை பசி. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022இல் காலை உணவும் வந்தது. சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த தலைமுறையின் பேத்திகள்தான் இன்றைய மாணவிகள்.

நடுவில் நடந்தது என்ன? 1990களில் சந்தை திறந்தது. பெப்சி வந்தது. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்தது. 1994இல் பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு தளர்ந்தது. எண்ணெய் மலிந்ததும் பொட்டலத் தின்பண்டம் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்கியது. கேழ்வரகும் கம்பும் தட்டிலிருந்து விலகின. கேபிள் டிவியும், பிறகு கைப்பேசியும் பிள்ளைகளை உட்கார வைத்தன.

விளைவு எண்களில் தெரிகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கூடுதல் எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். அதே ஆய்வில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. உடல் பருத்திருக்கும், இரத்தத்தில் இரும்பு இருக்காது. வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு.

ஏன் பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்? பையன் மைதானத்துக்குப் போவான். பெண் வயதுக்கு வந்ததும், "ஓடாதே, குதிக்காதே" என்று உட்கார வைப்போம். பத்தாம் வகுப்பு வந்தால் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். 5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகெங்கும் 11-17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை என்று 2019இல் அந்த நிறுவனம் வெளியிட்ட ஆய்வு சொன்னது. இதோடு காலை உணவைத் தவிர்ப்பது, இரவு டியூஷன் முடிந்து பரோட்டா, தூக்கக் குறைவு எல்லாம் சேர்கின்றன. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

சில அடையாளங்களைக் கவனியுங்கள். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போன்ற கருமை படர்ந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போனாலும், முகத்தில் முடி கூடினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் பிள்ளையின் எடையை வயதுக்கேற்ற அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான கணக்கு அவளுக்குப் பொருந்தாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் "குண்டு" என்று கூப்பிடாதீர்கள். உறவினர்களே, இது உங்களுக்கும்தான். கேலி எடையைக் குறைக்காது. பட்டினி கிடக்கவும், ஒளிந்து தின்னவும்தான் கற்றுக்கொடுக்கும். அவளுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீடே ஒரே சாப்பாட்டுக்கு மாறட்டும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, கீரை, சுண்டல், முட்டையைக் கூட்டுங்கள். மாலையில் அம்மாவும் மகளும் சேர்ந்து நடங்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், "என் பெண்ணின் விளையாட்டுப் பீரியட் எங்கே?" என்றும் கேளுங்கள்.

பசியை வெல்ல ஓர் அரசாங்கமே பாடுபட வேண்டியிருந்தது. இதையும் அந்தப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்