திருமலைக் காணிக்கையும் கும்பினியார் கணக்கும்

இந்தியக் கோயிற் செல்வம் எவர்க்கும் பயன்படாது முடங்கிக் கிடப்பது என்னும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் பலரிடம் நிலவியது. பெரும்பாலும் தமிழில் அமைந்த திருமலைக் கல்வெட்டுகள் இதனை மறுக்கின்றன. அடியார் அளித்த பொன்னைக்கொண்டு கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டப்பட்டமையையும், பெருகிய விளைச்சலால் திருவமுது நடந்தமையையும் விசயநகரக் காலக் கல்வெட்டுகள் பல உணர்த்துகின்றன.

1801இல் கோயில் நிருவாகத்தை ஏற்ற கும்பினி, காணிக்கையை வருவாய் இனமாகவே கணக்கிட்டது. 1821இல் புரூசு விதிகளை வகுத்தது. உருவ வழிபாட்டிற்கு அரசு துணைபோவதாகக் கிறித்தவ சமயப் பணியாளர் எதிர்க்கவே, 1843இல் ஹாத்திராம்ஜி மடத்திடம் நிருவாகத்தை ஒப்படைத்தது.

ஒரு சாரார்க்கு வருவாயாகவும் மறு சாரார்க்கு மூடநம்பிக்கையாகவும் தோன்றிய காணிக்கை, கொடுத்தவர்க்கு நேர்த்திக்கடன், ஊரார்க்குப் பாசனநீர். கல்வெட்டுகளை விடுத்துக் கும்பினியார் கணக்கேடுகளை மட்டும் நம்பி வரலாறு எழுதுதல் அப்பிழையைத் தொடர்வதேயாகும்.