சர்ப்பகந்தா வேரின் வரலாறு

மீமிசல், கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் எனப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில், உறக்கம் வராதோருக்கு முதலில் நினைவுக்கு வருவது நாட்டு மருந்துக் கடையே. பாலில் கசகசா, சாதிக்காய்த் தூள், அமுக்கராச் சூரணம் என்பன பழைய வழக்கம். மனக்கலக்கத்திற்கென்று புட்டியில் அடைத்த மூலிகை மாத்திரைகள் புதிய வழக்கம். "இயற்கைப் பொருள்தானே, என்ன தீங்கு செய்துவிடும்?" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சர்ப்பகந்தா வேரின் வரலாறு அறிந்தவர் அவ்வாறு சொல்லத் தயங்குவர்.

யூனானி ஹகீம்கள் அதனை அஸ்ரோல் என்றனர். பீகார்ப் பகுதியில் அதற்குப் 'பாகல் கீ தவா', அதாவது பித்துக்கு மருந்து, என்றே பெயர். உறக்கமின்மைக்கும் மனக்கொந்தளிப்புக்கும் அதனை நெடுங்காலம் கொடுத்து வந்தனர். டெல்லியில் 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்த திப்பியா கல்லூரியை நிறுவிய ஹகீம் அஜ்மல் கான், முன்னோர் சொன்னார்கள் என்பதோடு நிறைவடையவில்லை. மூலிகைகளை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க விரும்பி, ஜெர்மனியில் வேதியியல் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீக்கீயை அப்பணிக்கு அழைத்தார். ஹகீம் 1927இல் மறைந்தார். 1931இல் அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்குச் சித்தீக்கீ 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். (பின்னாளில் அது இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்தாயிற்று, மனநோய்க்கு அன்று.)

அதே 1931இல் கல்கத்தா மருத்துவர்களான கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அவ்வேர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிப்பதை எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தனர். 1954இல் நியூயார்க் மருத்துவர் நேதன் கிளைன், மனநல மருத்துவமனை நோயாளிகளிடம் அதனால் கண்ட பலனை வெளியிட்டார். ஹகீம்களின் அனுபவம் பொய்யன்று என்பதை உலகம் ஒப்புக்கொண்டது.

ஆயினும் வேரின் மறுபக்கமும் விரைவில் தெரிந்தது. இரத்த அழுத்தத்திற்காக ரெசர்பின் உண்டோரில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தனர் என 1950களிலேயே மருத்துவர்கள் எழுதலாயினர். நரம்பணுக்கள் சேமித்து வைக்கும் செரட்டோனின் முதலிய பொருள்களை அது வெறுமையாக்கிவிடுகிறது என்பதும் புலனாயிற்று. அத்தொடர்பு எத்துணை வலியது என்று பின்னர் விவாதம் எழுந்ததுண்டு. மனச்சோர்வு உள்ளவருக்கு அதைக் கொடுக்கலாகாது என்னும் எச்சரிக்கை நீங்கவில்லை. கொந்தளிப்பவரை அமைதியாக்கும் வேர், சோர்ந்தவரை மேலும் சோரச் செய்யக்கூடும். நோய் இன்னதென்று அறியாமல் வேரைக் கொடுப்பது எவ்வாறு தகும்?

நம் ஊர்களிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கே சென்றால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநல இல்லத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். அவர்களை அங்கே சேர்த்த குடும்பங்கள் நம்பிக்கையோடுதான் சேர்த்தன. நம்பிக்கையில் குறையில்லை, மருத்துவந்தான் அங்கே இல்லை.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை நாம் அறிவோம். நோயுற்றோருக்கும் துயருற்றோருக்கும் தல்பீனா என்னும் கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் சமைக்கச் சொன்ன செய்தியும் புகாரியில் உண்டு. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ, காரணம் தெரிந்த துயரையும் காரணம் தெரியாத துயரையும் பிரித்துக் காட்டினார். பின்னது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடல்வழி மருத்துவமும் வேண்டும் என்பது அவர் கருத்து.

கஞ்சியும் துஆவும் தொடரட்டும். மருத்துவர் எழுதிய மாத்திரையைச் சூரணத்தை நம்பித் தாமாக நிறுத்தலாகாது. உண்ணும் சூரணம் எதுவென்பதையும் அவரிடம் மறைக்கலாகாது. நேரில் செல்லக் கூசுவோர் 14416 என்னும் அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.