ஆயிரமும் ஹஸாரும்

பெரம்பலூர் வட்டாரத்துப் பள்ளிவாசல்களில் ஒரே ஸஃப்பில் நிற்போருள் வீட்டில் தமிழ் பேசுவோரும் உண்டு. உருது பேசுவோரும் உண்டு. தொழுகை முடிந்து கடைவீதியில் பணத்தை எண்ணும்போது ஒருவர் ‘ஆயிரம்’ என்பார். மற்றவர் ‘ஹஸார்’ என்பார். என்னிடம் ஓதிய பிள்ளைகள் இருவர் இதை வைத்தே ஒருநாள் பிணங்கிக்கொண்டனர். “உன் எண்ணுக்கும் எங்கள் எண்ணுக்கும் என்ன உறவு?” என்று தமிழ் வீட்டுப் பிள்ளை கேலி செய்ய, மற்றவன் கண் கலங்கி வந்தான். “ஹஜ்ரத், எங்கள் எண் வேறுதானா?”

அவனுக்குச் சொன்னதை ஈண்டு சற்று விரித்து எழுதுகிறேன்.

உருது எண்ணுப்பெயர்கள் அரபியின் வழி வந்தவை என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். அது பிழை. எழுத்து அரபு, பார்ஸி வழியது; எண்ணுப்பெயரோ பெரும்பாலும் வடமொழி வழியது. ‘ஏகாதச’ பிராகிருத நாவில் தேய்ந்து ‘கியாரஹ்’ ஆயிற்று. ‘துவாதச’, ‘பாரஹ்’ ஆயிற்று. சொற்களின் மூட்டுவாய் இப்படித் தேய்ந்து மறைந்தமையால், நூறு வரை ஏறத்தாழ ஒவ்வோர் எண்ணையும் அப்பிள்ளைகள் மனனம் செய்ய வேண்டியுள்ளது. பாவம்! பத்தொன்பதுக்கு ‘உன்னீஸ்’ என்பர். ஒன்று குறைந்த இருபது எனப் பொருள்படும் ‘ஏகோனவிம்சதி’யின் எச்சம் அது. நம் ‘இருபத்தைந்து’ பத்தின் பெருக்கை முன்வைக்கும். உருதுவின் ‘பச்சீஸ்’ ஐந்தை முன்வைக்கும். ‘கம்ஸத்துன் வ இஷ்ரூன்’ என அரபியும் ஐந்தையே முன்வைக்கிறது. வடமொழிக்கும் அரபிக்கும் குடும்ப உறவில்லை. எனினும் இவ்வொன்றில் ஒத்துப்போகின்றன.

இனி ஆயிரத்துக்கு வருவோம். வடமொழி ‘ஸஹஸ்ர’ பழங்கன்னடத்தில் ‘ஸாஸிர’ என வழங்கிற்று. தமிழில் முதல் ஸகரம் உதிர்ந்து, இடையிலுள்ளது யகரமாகி ‘ஆயிரம்’ ஆயிற்று என்பது மொழிநூலார் பலரின் கொள்கை. ‘சிராவண’ ஆவணியானதும், ‘சிரமணர்’ அமணரானதும் இவ்வாறே. தெலுங்கு மட்டும் ‘வேயி’ எனத் தன் சொல்லைக் காத்துக்கொண்டது. இது அண்மைக்கால இரவலன்று. ஆயிரம் என்னும் சொல்லின் புணர்ச்சிக்குத் தொல்காப்பியமே விதி கூறுகிறது.

‘ஹஸார்’ பார்ஸிச் சொல். பழைய ஸகரம் ஈரானிய மொழிகளில் ஹகரமாகும்: ‘ஸப்த’வுக்கு அங்கே ‘ஹஃப்த்’, ‘ஸிந்து’வுக்கு ‘ஹிந்து’. ஆகவே ஹஸாரும் ஸஹஸ்ரமும் உடன்பிறப்புகள். நம் ஆயிரம், ஸஹஸ்ரத்தின் பிள்ளை. டில்லி ஆட்சியின் பார்ஸிக் கணக்கோடு தெற்கே வந்த ஹஸார், ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் இப்பகுதியிலும் புழங்கிற்று. இரஞ்சன்குடிக் கோட்டை அக்காலத்தை இன்றும் நினைவூட்டி நிற்கிறது. முஹம்மது அலிக்கும் சந்தா சாஹிபுக்கும் நவாபு பதவிக்காக நடந்த பூசலில், 1751-இல் வாலிகொண்டாப் போர் இப்பக்கத்தில்தான் நிகழ்ந்தது. அந்த ஆட்சிக் கணக்கிலிருந்து ‘வசூல்’, ‘பாக்கி’ ஆகியவற்றைத் தமிழ் ஏற்றுக்கொண்டது, ஹஸாரை ஏற்கவில்லை. அதன் உறவினர் முன்னரே வீட்டுக்குள் இருந்தாரல்லவா!

இலட்சமும் வடமொழியே. அரியலூர்ப் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, இரட்டபாடியை ஏழரை இலக்கம் என்று எண்ணுகிறது. ஆனால் ‘நூறாயிரம்’ என்பதும் பழந்தமிழ் வழக்கே. அரபியில் இலட்சத்துக்குத் தனிச்சொல் இல்லை. ‘மிஅத்து அல்ஃப்’, அதாவது நூறாயிரம் என்றே சொல்ல வேண்டும். லப்பைக்குடிகாட்டிலிருந்து வளைகுடா சென்று பொருளீட்டுவோர் அங்கே அரபியில் அப்படித்தான் எண்ணுகின்றனர்.